நூலகத்திலிருந்து தமயந்தி

சென்னையில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டால் தமயந்தி யோசிக்காமல் சொல்வாள். லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போங்கள், இடது பக்கம் திரும்புங்கள், தண்ணீர்க் குழாயைத் தாண்டினால் பொருளாதாரம் என்பாள். அந்த நூலகத்தை அவள் பார்த்ததில்லை. அந்த லிஃப்டில் ஏறியதும் இல்லை. அவள் உட்கார்ந்திருப்பது திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில்.

நூலகத்தைப் பற்றிப் பேச நூலகத்திலேயே ஆள் வைப்பது வீண் செலவு என்று கல்லூரிக்கு யாரோ எடுத்துச் சொல்லியிருந்தார்கள். விசாரணை மேசையில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேசையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அதன் மேல் இருந்த தொலைபேசியை மட்டும் வெளியே ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். ஒப்பந்தம் எடுத்த கம்பெனி அதை அரக்கோணத்துச் சுதாகரிடம் கொடுத்தது. சுதாகர் திருத்தணியில் வாடகை குறைவு என்று இங்கே அறை பிடித்து நாலு பெண்களை வேலைக்கு வைத்தான். மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள், ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவார்கள். அடுத்தவர் சந்தேகத்தையும் குத்தகைக்கு எடுக்கலாம் என்று அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.

போனை எடுத்ததும் "வணக்கம், நூலகத்திலிருந்து தமயந்தி" என்று சொல்ல வேண்டும். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டால் நூலகத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். திருத்தணி என்கிற பேச்சே வரக்கூடாது. மலையில் கிருத்திகைக்கு ஒலிபெருக்கி போட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த வேண்டும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் நூலகத்தின் வரைபடம் இருக்கும், அதைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். ஒரு தடவை கல்லூரிக்காரர்கள் அலமாரிகளை இடம் மாற்றிவிட்டுப் புது வரைபடம் அனுப்ப மறந்துபோனார்கள். பொருளாதாரம் கேட்டவர்களை எல்லாம் தமயந்தி ஒரு வாரத்துக்குப் பெண்கள் கழிப்பறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. பொருளாதாரம் படிக்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தமயந்தி, மலையடிவாரத்தில் வேதாசலம் முதலாளியின் பூஜை சாமான் கடையில் நின்றவள். கல்யாணத்துக்கு முன்பே போய் நின்று, பிள்ளை பெற்று, பிள்ளை கல்லூரிக்குப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். விபூதி, சந்தனம், கற்பூரம், காவடிக்கு மயில் தோகை, மொட்டைத் தலைக்குச் சந்தனக் குழம்பு. கடைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. அது அந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் பொது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வாடிக்கைக்காரர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. விளக்கேற்றியதும் லட்சுமி உள்ளே வருகிற நேரத்தில் இல்லை என்று ஒரு வாய் சொன்னால், அவள் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாள் என்று முதலாளி சொல்வார். பக்கத்துக் கடைக்காரரும் அதையே சொல்வார்.

அதனால் கற்பூரம் தீர்ந்திருந்தால் "வரும்" என்பார்கள். அல்லது "வரணும்" என்பார்கள். கேட்டவர் "ஆங், சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். வரும் என்றால் இல்லை என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் அந்தத் தெருவில் தெரியும். ஒருத்தரும் வருகிறதற்காகக் காத்துக்கொண்டு நின்றதில்லை.

முதலாளி கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் மொபைல் கடை வந்தது. தமயந்தியின் வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியன் வீட்டு முன்கூடத்திலேயே இரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். நூல் வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும். தறி ஓடினால் தறி சோறு போடும், ஓடாவிட்டால் தமயந்தி போடுவாள். கடை போன பிறகு சுதாகரின் போன்தான் அந்த வீட்டுக்கு அடுப்பு. பேச்சு நன்றாக இருக்கிறது, பொறுமை இருக்கிறது என்று சுதாகர் அவளை மத்தியானத்திலிருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் உள்ள முறைக்குப் போட்டான்.

ஆபீஸ் சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம் ஒன்று மாட்டி, அதற்கு மேலே சிவப்புப் பல்பு ஒன்று வைத்திருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்குப் புவனா அந்த ஸ்விட்சைப் போடுவாள். புவனா கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். லைப்ரரியில் வேலை என்று சொல்லித்தான் அவளுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள்.

பல்பு எரிந்த கணத்திலிருந்து தமயந்தியின் வாயில் இல்லை வராது. அவள் யோசித்துச் செய்ததல்ல. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கம்ப்யூட்டரில் புத்தகத்தின் பெயரைத் தட்டினால், நூலகத்தில் இருந்தால் பச்சை வரும், யாராவது எடுத்துப் போயிருந்தால் மஞ்சள் வரும், நூலகமே வாங்காத புத்தகம் என்றால் சிவப்பு வரும். பகலில் சிவப்பைப் பார்த்தால் "இல்ல சார்" என்பாள். விளக்கு வைத்த பிறகு அதே சிவப்பைப் பார்த்து "வரும் சார்" என்பாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

பாவம், சென்னைக்காரர்களுக்கு அந்தத் தெருவின் பாஷை தெரியாது. வரும் என்றால் வரும் என்று நம்பிவிட்டார்கள். நம்பியவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். கம்பெனி கல்லூரிக்கு அனுப்பிய அறிக்கையில் மாலை நேர வாசகர்கள் யாருமே ஏமாற்றத்தோடு போனை வைப்பதில்லை என்று கண்டிருந்தது. கல்லூரியில் ஒரு குழு உட்கார்ந்து அதை ஆராய்ந்தது. பகலில் படிக்கிறவர்களைவிட மாலையில் படிக்கிறவர்களுக்கு ரசனை அதிகம் என்று கண்டுபிடித்து, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தது. சுதாகருக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

அப்படி நம்பியவர்களில் ஒருவர் பரசுராமன். பெரம்பூரில் இருக்கிறவர், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்லூரி நூலகத்தில் வெளி உறுப்பினர். திங்கட்கிழமை தோறும் விளக்கு வைத்த கையோடு கூப்பிடுவார். எப்போதும் ஒரே புத்தகம், கிணற்று நீர் உப்புக் கரிப்பது ஏன் என்று யாரோ எழுதிய புத்தகம். அது சிவப்பு. தமயந்தி "வரும் சார்" என்பாள். "ஆங், சரிம்மா" என்று வைத்துவிடுவார். அதோடு முடிந்தது பேச்சு. சில திங்கட்கிழமை மழை வந்ததா என்று கேட்பார். சென்னையில் மழையா என்று தெரியாமல் "தூறுது சார்" என்று தமயந்தி பொதுவாகச் சொல்வாள். "உங்க கெணத்துக்காரரு கூப்பிட நேரமாச்சுக்கா" என்று புவனா கிண்டல் செய்வாள்.

இந்த நேரத்தில் ஒரு மாணவன், பரீட்சைப் புத்தகம் வரும் வரும் என்று பருவம் முழுக்கக் காத்திருந்து, பரீட்சையும் வந்து, அதில் தோற்றும் போய், நேரே தலைமை நூலகர் மணியம்மையின் அறைக்குள் போய் நின்றான். அந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் திறந்து, வராத புத்தகங்களுக்காகக் காத்திருக்கிறவர்களின் வரிசையைப் பார்த்தார். அந்த வரிசை மொத்தமும் விளக்கு வைத்த பிறகு சேர்ந்தது.

அன்று சாயங்காலமே சுதாகர் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து நின்றான். மின்விசிறிக்குக் கீழே நின்றும் அவனுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க வரும்னு சொன்ன புக்குல ஒண்ணாச்சும் வந்துக்குதா?"

தமயந்தி யோசித்தாள். "கடையிலயே பாதிதான் சார் வரும்."

"இது கடை இல்லக்கா."

"விளக்கு வச்ச நேரத்துல அந்த வார்த்தய சொல்லாதீங்க சார்."

சுதாகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "வர்ற திங்கக்கெழம சாயங்காலம் அந்த லைப்ரரியம்மாவே லைன்ல உக்காந்து கேக்கப் போறாங்க. நீங்க பேசறது பூரா கேப்பாங்க. இல்லாத புக்க ஒரே ஒரு தபா வரும்னு சொன்னாலும் போச்சு, லைன சேலத்துக்குக் குடுத்துடுவாங்க. உங்க ஒருத்தர் வேலை போனா பரவால்லன்னு சொல்ல முடியாது. நாலு பேரும் ஊட்டுக்குப் போவணும். நானுந்தான்."

புவனா போனை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் பாலசுப்பிரமணியன் தறியை நிறுத்திவிட்டுப் பயிற்சி கொடுத்தார். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான் கேக்கறேன், நீ சொல்லு. மோர் இருக்குதா?"

"பாலுக்கு ஒற ஊத்திக்கிறேன்."

"மோர் இருக்குதா, அத்த சொல்லு."

"காத்தால தோஞ்சிடும்."

"நீ தேற மாட்ட" என்று சொல்லிவிட்டு அவர் தறியைப் போட்டார்.

தமயந்திக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. தன் வாயால் நாலு குடும்பத்தின் பிழைப்பு போகப் போகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பகலில் வந்தது. பொழுது சாய்ந்தால் தொண்டையிலேயே நின்றது.

வழி சொன்னவள் புவனாதான். "விளக்கு வச்சாத்தானக்கா சொல்லக்கூடாது? அன்னிக்கு ஒரு நாள் வைக்காத உட்டுட்டா?"

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை கிருத்திகை. திருத்தணியில் இருந்துகொண்டு, கிருத்திகையன்று, முருகன் படத்துக்கு விளக்குப் போடாமல் இருப்பதா? தமயந்தி இரண்டு நாள் யோசித்தாள். மலை மேல் அவருக்கு ஊர்ப்பட்ட விளக்கு எரியும், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு பல்பு எரியாவிட்டால் அவருக்கு என்ன தெரியப் போகிறது என்றாள் புவனா. எல்லாம் தெரிகிறவர் என்றுதானே சாமி என்கிறோம் என்றாள் தமயந்தி. கடைசியில் பாம்பும் சாகாமல் கோலும் நோகாமல் ஒரு முடிவுக்கு வந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் வேலைக்கு வந்ததும் படத்துக்கு எதிரே நின்று, எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் வைத்துவிடுகிறேன், அதுவரைக்கும் இன்னும் பொழுது சாயவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டாள்.

மணி ஆறு ஆயிற்று. ஸ்விட்சை யாரும் தொடவில்லை. மலையிலிருந்து அரோகரா சத்தம் மூடிய ஜன்னலைத் தாண்டி மெல்ல வந்துகொண்டிருந்தது. காதுக் கருவியில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மணியம்மை லைனில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது.

முதல் போன் ஒரு மாணவி. சிவப்பு. தமயந்தி எரியாத பல்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இல்லம்மா" என்றாள். வந்துவிட்டது. அடுத்தது ஒரு பேராசிரியர். "இல்ல சார்." அதுவும் வந்தது. புவனா பக்கத்து நாற்காலியிலிருந்து கட்டை விரலைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு பரசுராமன் கூப்பிட்டார்.

"வணக்கம், நூலகத்திலிருந்து தமயந்தி."

"நான்தாம்மா. அந்த கெணத்து புக்கு இருக்குதா?"

தட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனாலும் தட்டினாள். சிவப்பு. "இல்ல சார்" என்றாள்.

வழக்கமான "ஆங், சரிம்மா" வரவில்லை.

"இல்லையா?"

"இல்ல சார். லைப்ரரியில அந்த புக்கு வாங்கவே இல்ல."

"விளக்கு வச்ச நேரமாச்சேம்மா" என்றார் பரசுராமன்.

காதில் அந்த மூன்றாவது மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தது. தமயந்தி உண்மையையே சொன்னாள். "இங்க இன்னும் வைக்கல சார்."

"நாங்க வச்சிட்டோம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. எங்கம்மா திருத்தணிக்கு அந்தாண்ட, நகரியில கடை வச்சிருந்தாங்க. வரும்னா இன்னான்னு எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். எங்க ஊட்டு கெணத்தையே மண்ணு போட்டு மூடியாச்சு, போன வருசம். மெட்ரோ தண்ணி வருது."

"அப்புறம் ஏன் சார் கேட்டுகினு இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரில கேட்டா இல்லன்றாங்க. பேங்க்குல இல்லன்றாங்க. பையனுக்கு நேரம் இல்ல. இல்லன்றத இல்லன்னே சொல்ல எங்க ஊட்லயே ஆளுங்க இருக்காங்கம்மா. வாரத்துல ஒரு தபா வரும்னு யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும்னு கூப்புட்டுகினு இருந்தேன். சரி, வச்சிடறேன்."

வைத்துவிட்டார்.

எட்டு மணிக்குத் தமயந்தி எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, புவனா பார்ப்பாளே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பதில்கள் தெளிவாகவும் துல்லியமாகவும் இருந்தன, வாசகர்கள் தங்கள் சொந்தக் கதையைப் பேசாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மணியம்மை எழுதி அனுப்பினார். ஒப்பந்தம் தொடர்ந்தது. புவனாவின் கல்யாணப் பத்திரிகை திருத்தமில்லாமல் அச்சாகி வந்தது. சுதாகர் மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு எல்லோருக்கும் பிரசாதம் கொண்டுவந்தான், அப்படியே சிவப்புப் பல்பைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டான். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கு, எட்டு மணிக்கு மேல் மாட்டிக்கொள்ளலாம் என்றான். எட்டு மணிக்கு மேல் அங்கே யாரும் இருப்பதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பரசுராமன் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் தமயந்தி அவர்தான் என்று எடுப்பாள். வேறு யாராவது வேறு ஏதாவது கேட்பார்கள். அவள் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சரியாகச் சொல்வாள். வாய் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்றுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு மனுஷர் பிழைப்புக் கேட்கவில்லை, கடன் கேட்கவில்லை, ஒரு சொல் கேட்டார், அதைக்கூடக் கொடுக்க முடியாமல் போயிற்றே என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

இங்கிருந்து வாசகர்களை யாரும் கூப்பிடக் கூடாது என்பதும் கம்பெனியின் சட்டம்தான். தமயந்தி பழைய அழைப்புகளில் அவர் எண்ணைத் தேடி உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. பொழுது சாய்ந்ததும் கைகால் கழுவி, வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு, தன் சொந்த போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று நூல் வந்திருந்தது. முன்கூடத்தில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். வந்த நூலை நிறுத்தி வைப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

"யாரு?" என்றார் பரசுராமன்.

"வணக்கம், நூலகத்திலிருந்து தமயந்தி."

"இன்னாம்மா அது சத்தம்?"

"ஏசி சார்" என்றாள் தமயந்தி. சட்டம் சட்டம்தானே. "மூணாவது மாடியில ஏசி."

பரசுராமன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவசரப்படாமல் கேட்டார். "ஆங், ஏசிதான்" என்றார். "நகரியில எங்க நைனாவும் அந்த மாதிரி ஏசி ரெண்டு வச்சிருந்தாரு."

தமயந்தி முன்கூடத்துத் தறிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"விளக்கு வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சு சார்."

"அப்ப கேக்கறேன். அந்த கெணத்து புக்கு இருக்குதா?"

"வரும் சார்" என்றாள்.

"ஆங், சரிம்மா" என்று வைத்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவராகவே கூப்பிட்டார், அவளுடைய சொந்த எண்ணுக்கு.